இலவச டாக்டர் படிப்பின் விலை என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென ஒரு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, கட்டணம் வாங்காமல் டாக்டராக்கும் படிப்பு ஒன்று புனேயில் தொடங்கிவிட்டது. கட்டணத்துக்குப் பதிலாக அது கேட்டது, படித்து முடித்தவரின் சில வருடங்களை.

ஏ.எஃப்.எம்.சி. எனப்படும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, பி.சி. ராய் குழுவின் பரிந்துரைப்படி 1948 மே 1 அன்று உருவானது. ஆரம்பத்தில் இங்கே எம்.பி.பி.எஸ். கிடையாது. வெளியே பட்டம் வாங்கி ராணுவத்தில் சேர்ந்த டாக்டர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். ராணுவத்துக்கு வேண்டிய டாக்டர்களை ராணுவமே படிக்க வைத்து உருவாக்குவது என்று முடிவாகி, 1962 ஆகஸ்ட் 4 அன்று எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. அடுத்த இரண்டரை மாதத்தில் சீனப் போர்!

ஒப்பந்தம் எளிமையானதுதான். படிப்புச் செலவு அரசுடையது. முடித்ததும் அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். அண்மைக்கால விதிப்படி குறுகிய கால கமிஷன் என்றாலே 7 ஆண்டுகள். நிரந்தர கமிஷன் என்றால் ஓய்வு வரை ராணுவம்தான். இடையில் விலகினால் பாண்ட் தொகை கட்ட வேண்டும். அது இப்போது 60 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது.

ஆனால் உண்மையான விலை பாண்டில் இல்லை, மேற்படிப்பில் இருக்கிறது. 18 வயதில் சேருபவர் எம்.பி.பி.எஸ். முடித்து 7 வருடம் பணியாற்றி வெளியே வரும்போது வயது 30 ஆகிவிடும். அதன் பிறகு எம்.டி. சேர்ந்தால் இன்னும் 3 வருடம். நேராக மேற்படிப்புக்குப் போன சிவில் கல்லூரி மாணவர் 27, 28 வயதிலேயே ஸ்பெஷலிஸ்ட் ஆகியிருப்பார்.

பணியில் இருந்துகொண்டே மேற்படிப்பு படிக்கவும் வழி உண்டு. அதுவும் சம்பளத்தோடு. புனேயில் மட்டுமல்ல, ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூரு விமானப்படை கமாண்ட் மருத்துவமனையிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. ஆனால் எந்தத் துறையில் எத்தனை இடம் என்பது படைகளின் தேவையைப் பொறுத்தது, டாக்டரின் ஆசையைப் பொறுத்தது அல்ல.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் இருந்தது. கட்டாய ராணுவச் சேவை இருந்த காலத்தில், 1954-ல் வந்த பெர்ரி திட்டம், ஸ்பெஷாலிட்டி பயிற்சியை முடித்துவிட்டு ராணுவத்துக்கு வர டாக்டர்களை அனுமதித்தது. 1973-ல் கட்டாயச் சேவை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே உதவித்தொகைத் திட்டம் வந்துவிட்டது. உதவித்தொகை பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடச் சேவை என்பது அதன் அடிப்படை. ராணுவ மருத்துவமனையில் ரெசிடென்சி செய்யும் வருடங்கள் அந்தக் கடனில் கழியாது.

வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு அது. கையில் பணம் இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பேரம் லாபமாகவே இருக்கலாம். சீருடையை விரும்பிச் சேருபவருக்கு அது செலவே அல்ல. ஆனால் பாண்டில் கையெழுத்துப் போடும் 18 வயது மாணவர், ரூபாய்க் கணக்கோடு வருடக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.