ஹோமி பாபாவும் டி.டி. கோசாம்பியும் - அணுவா, சூரியனா?

அணு மின்சாரம் வேண்டுமா, இல்லை சூரிய ஒளியும் காற்றுமே போதுமா? கூடங்குளம் போராட்டம் நடந்த 2011, 2012-ல் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் தினமும் இந்தச் சண்டைதான். தமிழ்நாட்டுக்காரன் என்பதால் என்னை நடுவராக்கி விடுவார்கள். "அணு இல்லாவிட்டால் நாடே இருட்டு" என்று ஒரு கோஷ்டி, "அணு என்றாலே செர்னோபில்" என்று இன்னொரு கோஷ்டி. சாப்பாடு ஆறிப் போகுமே தவிர முடிவுக்கு வராது.

இது ஏதோ புகுஷிமாவுக்குப் பிறகு முளைத்த விவாதம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான் குப்பை கொட்டிக் கொண்டிருக்கும் இதே புனேயில், 1960 ஜூலை மாதம் ரோட்டரி கிளப் கூட்டத்தில் ஒருவர் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். அவர் பெயர் டி.டி. கோசாம்பி. ஆமாம், இந்திய வரலாற்றைப் பற்றி 1956-ல் அந்தப் புகழ்பெற்ற அறிமுக நூலை எழுதிய அதே கோசாம்பிதான். வரலாறு அவருக்குத் தொழில் இல்லை. தொழில் கணிதம். வேலை பார்த்த இடம் பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம். புனேயில் வீடு, பம்பாயில் வேலை, இடையில் டெக்கான் குயின் ரயில். இன்றைக்கும் அதே ரயிலில் அதே மாதிரி போய் வருகிற ஜனங்கள் உண்டு. நானும் மாதம் ஓரிரு முறை அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அவரை அந்தக் கழகத்துக்கு அழைத்து வந்தவர் அதை நிறுவிய ஹோமி பாபா. இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை! அதாவது, அணு மின்சாரத்துக்காக நாட்டையே திரட்டிக் கொண்டிருந்தவரும், சூரியனைப் பாருங்கள் என்று சொன்னவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தார்கள்.

கோசாம்பி சொன்னதன் சாரம் எளிமையானது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் அடிக்கும் நாடு இது. சூரிய மின்சாரத்தின் பெரிய லாபம் அது ஓரிடத்தில் குவியத் தேவையில்லை என்பது. கிராமத்துக்கு வேண்டியதைக் கிராமத்திலேயே தயாரிக்கலாம், நாடு முழுக்கக் கம்பி இழுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அணு மின்சாரத்தின் உண்மையான விலை என்ன என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். 1964-ல் 'செமினார்' பத்திரிகையிலும் சூரிய சக்தி பற்றி எழுதினார். அதற்குள் வேலை போயிருந்தது. 1962-ல் கழகம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சூரியனைப் பற்றிப் பேசியதால்தான் வேலை போயிற்று என்று சொல்வது சரியாக இருக்காது. ரீமான் கருதுகோளைத் தீர்த்துவிட்டதாக அவர் வெளியிட்ட தவறான நிரூபணமும் அந்தக் கதையில் உண்டு. ஆனால் மாற்றுக் குரல் ஒன்று அந்த வளாகத்தை விட்டு வெளியேறியது என்பது உண்மை.

பாபாவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நிலக்கரி பீகாரிலும் வங்காளத்திலும் கிடக்கிறது. பம்பாய்க்கும் ராஜஸ்தானுக்கும் சென்னைக்கும் அதை ரயிலில் ஏற்றிக் கொண்டு வரும் செலவைப் பார்த்தால் அங்கெல்லாம் அணுஉலை கட்டுப்படியாகும் என்றார். நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். அதனால் மூன்று கட்டமாகப் போவோம் என்று 1954-லேயே திட்டம் போட்டார். முதலில் இயற்கை யுரேனிய உலைகள், அதில் கிடைக்கும் புளுட்டோனியத்தை வைத்து ஈனுலைகள், கடைசியில் தோரியம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டுக்கு அவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான். சூரிய மின்கலம் அன்று என்ன நிலையில் இருந்தது? 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்து காட்டிய சிலிக்கான் கலத்தின் திறன் சுமார் 6 சதவீதம். விலையோ செயற்கைக்கோளுக்குத்தான் கட்டுப்படியாகும். 1960-ல் கோசாம்பி பேச்சைக் கேட்டு நாட்டுக்கு மின்சாரம் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் விஷயம் அது இல்லை. அணு என்ன 1960-ல் தயாராகவா இருந்தது? அதை வளர்க்க ஒரு துறை, பணம், ஆள், பிரதமரின் நேரடி ஆதரவு எல்லாம் கிடைத்தன. அணுசக்தித் துறை 1954-ல் வந்தது. சூரியன், காற்று போன்ற மரபுசாரா எரிசக்திக்குத் தனித் துறை எப்போது வந்தது தெரியுமா? 1982-ல். நடுவில் 28 வருஷம்!

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1. பாபா 1962-ல் சொன்னது: 1987-ல் 20,000 முதல் 25,000 மெகாவாட். நடந்தது: ஆயிரத்தை ஒட்டி.

2. அடுத்து வந்த விக்ரம் சாராபாய் சொன்னது: 2000-ல் 43,500 மெகாவாட். நடந்தது: 2,720.

3. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது: 2020-ல் 20,000 மெகாவாட். நடந்தது: 6,780.

சும்மா தூங்கியதால் வந்த தோல்வி இல்லை இது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா ராஜஸ்தான் உலையைப் பாதியில் விட்டுப் போனது. தாராப்பூருக்கு அமெரிக்கா எரிபொருள் தர இழுத்தடித்தது. கனநீர் முதல் எல்லாவற்றையும் நாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றுக்கொண்டோம் என்பதும் உண்மை. கைகாவின் முதல் உலை 2018 டிசம்பர் வரை 962 நாள் நிற்காமல் ஓடி உலக சாதனை செய்தது. நம் பொறியாளர்களின் திறமையில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். என் சந்தேகம், இலக்கு தவறிய ஒவ்வொரு முறையும் "ஏன்?" என்று கேட்க நாட்டில் இடம் இருந்ததா என்பதுதான். அணுசக்திச் சட்டத்தின் ரகசியப் பிரிவுகள் பற்றி 1948-லேயே அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தது. 1962 சட்டமும் அந்த ரகசியத்தைத் தொடர்ந்தது.

சரி, சூரியன், காற்று பக்கம் வருவோம். 1986-ல் தூத்துக்குடி, குஜராத்தின் ஓகா, இங்கே ரத்னகிரி என்று மூன்று கடற்கரைகளில் சோதனைக் காற்றாலைகள் நட்டார்கள். ஒவ்வொன்றும் வெறும் 55 கிலோவாட். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஓரம் முப்பந்தலில் நாம் பஸ்ஸிலிருந்து பார்க்கும் காற்றாலைக் காடு.

சூரிய மின்சாரத்துக்கு 2010-ல் தேசிய இயக்கம் தொடங்கியது. அந்த வருஷ ஏலத்தில் மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 10.95 ரூபாய். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. 2020-ல் குஜராத்தில் 1.99! 2022-க்குள் 20,000 மெகாவாட் என்ற இலக்கை 2018-லேயே தொட்டார்கள். அதை ஒரு லட்சமாக உயர்த்திய இலக்கு மட்டும் தவறியது, இரண்டு வருஷம் போல. 2025 ஜனவரியில் அதுவும் எட்டப்பட்டது.

மெகாவாட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று அணு நண்பர்கள் சொல்வார்கள். சரிதான். வெயில் பகலில்தான் அடிக்கும். அதனால் யூனிட் கணக்கே பார்ப்போம். 2024-25-ல் அணு கொடுத்தது சுமார் 5,600 கோடி யூனிட். சூரியன் கொடுத்தது 14,000 கோடிக்கு மேல். எழுபது வருஷத் திட்டத்தைப் பதினைந்து வருஷத் திட்டம் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது.

அப்படியானால் கோசாம்பி ஜெயித்துவிட்டாரா? முழுசாக இல்லை. அவர் கேட்டது கிராமத்துக்குக் கிராமம் மின்சாரம். வந்ததோ பட்லா மாதிரி இரண்டாயிரம் மெகாவாட் பூங்காக்களும், அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கம்பிகளும். அந்தக் கம்பிகளில் மோதிக் கானமயில்கள் சாகின்றன என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளுக்கான திட்டம் 2024-ல்தான் வந்தது. எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியிலும் மொட்டை மாடியில் பேனல் போட்டிருக்கிறோம். லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் இரவு எட்டு மணிக்கு லிஃப்ட் ஏறும்போது அது ஏதோ ஒரு நிலக்கரி நிலையத்தின் மின்சாரம், கொஞ்சம் தாராப்பூருடையதாகவும் இருக்கலாம். பேட்டரி மலிவாகும் வரை, நிலக்கரியைக் குறைக்க வேண்டுமானால் இரவில் ஓடும் அணுஉலைக்கு ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

ஆனால் எவ்வளவு பெரிய இடம்? 2025 பட்ஜெட்டில் 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த வருஷம் கையில் இருந்தது 8,880. டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. மேலே இருக்கும் மூன்று வரிப் பட்டியலை இன்னொரு முறை படித்துவிட்டு இந்த இலக்கைப் பாருங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு செலவு, எவ்வளவு மெகாவாட், யூனிட் என்ன விலை என்று பொதுவில் கணக்கு வைக்கட்டும். அதே பணத்தைப் பேட்டரியிலும் கூரைகளிலும் போட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.

பாபா 1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார். கோசாம்பி அதே வருஷம் ஜூனில், புனே வீட்டில். இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து, இரண்டு கணக்கையும் நாட்டுக்குக் காட்டச் சொல்லியிருக்கலாம். அன்று யாரும் அதைச் செய்யவில்லை. இப்போது செய்ய எந்தத் தடையும் இல்லை.