அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான்: எதில் சாப்பிடலாம், எதைச் சுவரில் மாட்டலாம்?

வடக்கிலும் கிழக்கிலும் பழைய வீடுகள் பலவற்றில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கும். அதற்குள் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், சோசர்கள், மூடிபோட்ட பெரிய கறிப் பாத்திரம் ஒன்று. விருந்தாளிகள் வந்தால் எடுப்பதற்கு என்பார்கள். ஆனால் யார் வந்தாலும் மேசைக்கு வருவது சில்வர் கோப்பையும் மெலமைனும்தான். நான் இந்தப் பீங்கான்களைச் சேர்க்கிறேன். அவற்றில் தினமும் சாப்பிடவும் செய்கிறேன். இது எத்தனை வருடப் பழசு, இதில் சாப்பிடலாமா, எப்படிக் கழுவுவது என்று பலர் கேட்பதால், நான் அறிந்தவற்றை எழுதி வைக்கிறேன். யாழ்ப்பாண வழக்கில் கோப்பை என்றால் சாப்பிடும் தட்டு. இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான். தேநீர் குடிப்பதைத் தேநீர்க் கோப்பை என்றே எழுதுகிறேன்.

முதலில் கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் முத்திரை பாதிக் கதையைச் சொல்லிவிடும். இறக்குமதிப் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்த சட்டம் 1891 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் அச்சிட்ட கோப்பை பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ‘மேட் இன்’ என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் பொதுவாக இருபதாம் நூற்றாண்டுக்குரியது. யப்பானியப் பொருட்களில் ‘நிப்பொன்’ என்றிருந்தால் 1921 க்கு முந்தியது, ‘ஒக்கியுபைட் ஜப்பான்’ என்றிருந்தால் போருக்குப் பின் அந்நாடு அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்து 1952 இல் விடுபடும் வரையான காலத்துக்குரியது என்று கொள்ளலாம். 1904 இல் தொடங்கிய நொரிடாகே கம்பனி, போர் முடிந்த கையோடு தன் பழைய தரத்தை உறுதிசெய்ய முடியாததால், சில வருடங்கள் தன் பெயரைப் போடாமல் ‘றோஸ் சைனா’ என்று முத்திரை குத்தியது. அந்த நேர்மைக்காகவே அதில் ஒன்றை வைத்திருக்கலாம்.

நம் நாட்டுப் பொருளுக்கு இன்னும் இலகுவான அடையாளம் உண்டு. முத்திரையில் சிலோன் என்றிருந்தால் அது 1972 க்கு முந்தியதாக இருக்கும். சிறீலங்கா என்றிருந்தால் பிந்தியது. நீர்கொழும்பிலும் பிலியந்தலையிலும் தொழிற்சாலைகளை வைத்திருந்த அரச கூட்டுத்தாபனத்தின் தடித்த வெள்ளைக் கோப்பைகளை இன்றும் பழைய வீடுகளில் காணலாம். பிறகு மாத்தளையில் நொரிடாகேயின் கூட்டு முயற்சி வந்தது, 1980 களில் தங்கொட்டுவ வந்தது. பொரலஸ்கமுவவின் வெள்ளைக் களியும் மாத்தளைப் பக்கத்து ஃபெல்ட்ஸ்பாரும் இந்த மண்ணிலேயே கிடைப்பதுதான் இத்தொழில் இங்கே வேரூன்றிய காரணங்களில் ஒன்று. வெளிநாட்டு முத்திரைக்கே மதிப்புக் கொடுத்து, சிலோன் என்று எழுதிய கோப்பையை நாய்க்குச் சோறு வைக்கப் போட்டுவிடுவோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970 களில் பல வீடுகளின் மேசையைத் தாங்கியது அதுதான்.

முத்திரை தேய்ந்திருந்தால் கையும் கண்ணும் போதும். கோப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் அது போர்சலினோ போன் சைனாவோ; தெரியாவிட்டால் பெரும்பாலும் குறைந்த சூட்டில் சுட்ட மட்பீங்கான். அடிவளையத்தில் பூச்சில்லாத இடத்தில் ஒரு துளி நீர் விட்டால், மட்பீங்கான் அதை உறிஞ்சும், போர்சலின் உறிஞ்சாது. விரல் நகத்தால் விளிம்பைத் தட்டினால் நல்ல கோப்பை மணிபோல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஒலி அடைத்துப்போகும். விலை பேசுவதற்கு முன் நான் தவறாமல் செய்வது இது.

போன் சைனா என்பதில் உள்ள ‘போன்’ வெறும் பெயரல்ல. ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இந்தக் கலவையில் ஏறத்தாழ பாதி மாட்டெலும்புச் சாம்பல். சைவ உணவுக்காரரான என் பெரியம்மா இதை அறிந்த நாளிலிருந்து அதைத் தொடவில்லை. அது அவரவர் மனச்சாட்சி. ஆனால் பரிசாகக் கொடுப்பவர்கள் சொல்லிக் கொடுப்பது மரியாதை. போர்சலினில் எலும்பு இல்லை. வெள்ளைக் களி, ஃபெல்ட்ஸ்பார், படிகக்கல் மட்டுமே.

இனி முக்கியமான விடயம். பழைய பீங்கான் எல்லாவற்றிலும் சாப்பிடக் கூடாது. மேலே உள்ள கண்ணாடிப் பூச்சிலும், அதற்கு மேல் தீட்டிய நிறங்களிலும் முற்காலத்தில் ஈயம் சேர்ப்பது வழக்கம். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் கட்மியமும் இருக்கலாம். உணவில் கலக்கும் ஈயத்தின் அளவுக்குப் பல நாடுகள் வரம்பு விதிக்கத் தொடங்கியதே 1970 களில்தான். ஈயத்தைக் கரைப்பது புளிப்பு. நம் சாப்பாட்டில் புளி, தேசிக்காய், தக்காளி, வினாகிரி, அச்சாறு எல்லாம் உண்டு. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆகவே நான் கோப்பைகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். நீலச் சித்திரம் பூச்சுக்குக் கீழே இருந்து, மேற்பரப்பு வழுவழுப்பாகக் கீறலின்றி இருக்கும் போர்சலின் தினப் பாவனைக்கு. அதுவும் சோறு கறி பரிமாறிச் சாப்பிட்டு உடனே கழுவுவதற்கு மட்டும். அதில் அச்சாறு போட்டு வைப்பதில்லை, குழந்தைகளுக்கு அதில் உணவு கொடுப்பதுமில்லை. விரலால் தடவும்போது பூக்கள் மேடாகத் தட்டுப்படுகின்றன என்றால் நிறம் பூச்சுக்கு மேலே தீட்டப்பட்டது. அவற்றில் கேக், பலகாரம், வாழைப்பழம் போன்ற காய்ந்த பொருட்கள் வைக்கிறேன். மூன்றாவது, சிலந்தி வலைபோல வெடிப்போடியதும், நிறம் உதிர்வதும், பழைய காலத்தில் கம்பி ஆணி போட்டு ஒட்டியதும். அவை சுவருக்கு. வெடிப்புக்குள் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் ஊறிவிட்டால் எந்தச் சவர்க்காரமும் அதை எடுக்காது. கிருமியும் அங்கேதான் தங்கும். வீட்டில் செய்யும் ஈயப் பரிசோதனைக் குச்சிகளை நான் நம்புவதில்லை. அவை இருப்பதை இல்லை என்று காட்டலாம்.

சோறும் கறியும் சாப்பிட எது நல்லது என்று கேட்டால், ஆங்கிலேயர் சூப்புக்கென்று செய்த குழிக்கோப்பையே என்பேன். பத்து அங்குல அகலமான தட்டைக் கோப்பையில் சொதி விட்டால் விளிம்புக்கு ஓடும். கையால் பிசைய இடம் போதாது. குழிக்கோப்பையில் புட்டும் சொதியும் அடங்கி இருக்கும். செற் விற்கும்போது இந்தக் குழிக்கோப்பைகளைத்தான் பலர் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். குழம்பு ஊற்றும் மூக்குள்ள பாத்திரம் சொதிக்குப் பொருந்தும். சீனிக் கிண்ணத்தில் கட்டைச் சம்பல் வைத்தால் மேசை அழகாக இருக்கும். இடியப்பத்துக்கு நீள்வட்டப் பெரிய தட்டு.

பொங்கலுக்கும் திவசத்துக்கும் எங்கள் வீட்டில் வாழையிலைதான். அங்கே பீங்கானுக்கு இடமில்லை, இருக்கவும் தேவையில்லை. தீபாவளிக் காலையில் ஆட்டிறைச்சிக் கறியோடும், நத்தார் மதியத்தில் கிறிஸ்தவ உறவுகள் வரும்போதும் அலுமாரி காலியாகும். அன்றைக்கு மேசையில் ஒன்றுபோல ஒன்று இருக்காது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்கள் எவரும் பீங்கான் செற்றைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்கான செற்றை அம்மா சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்தார். திரும்பி வந்து தோண்டியபோது ஏழு பெரிய கோப்பைகளும் ஐந்து சோசர்களும் முழுசாக இருந்தன. போர்சலின் என்பதால் மண்கறை ஏறவில்லை. அதே பூவைத் தேடி மீதியை நிரப்பலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. நீலக் கரையுள்ள வேறு கோப்பைகளை இடையில் கலந்து வைக்கிறேன். வெள்ளை அடித்தளமும் ஒரே அளவும் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது.

கழுவுவதில் நம் பழைய பழக்கம்தான் பீங்கானுக்கு எதிரி. தும்பும் சாம்பலும் பித்தளைக்கு நல்லது. பொன்கரையை ஒரு வருடத்தில் தின்றுவிடும். மென்மையான பஞ்சும், மிதமான சூட்டு நீரும் போதும். சிங்கின் அடியில் ஒரு துணியை விரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பொன்கரை உள்ளதை மைக்ரோவேவுக்குள் வைத்தால் தீப்பொறி பறக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கோப்பையில் கொதிக்கும் கறியை ஊற்றக் கூடாது. அடுக்கும்போது இரண்டுக்கிடையே துணி அல்லது வெள்ளைத் தாள். பத்திரிகைத் தாளின் மை பொன்கரையில் ஒட்டும். தேநீர்க் கோப்பைகளைக் காதில் தொங்கவிடாதீர்கள். காதுதான் முதலில் போகும்.

வாங்க விரும்புவோருக்கு அம்பலாங்கொடைப் பக்கத்திலும் காலிக் கோட்டையிலும் பழம்பொருட் கடைகள் உண்டு. ஆனால் நல்லவை கிடைப்பது வெளிநாட்டிலிருக்கும் உரித்தாளர்கள் ஊர் வீட்டை விற்கும் நாட்களில்தான். நீல நிறத்தில் பாலமும் தொங்குமரமும் இரண்டு பறவைகளும் உள்ள ‘வில்லோ’ சித்திரத்தைக் காட்டி, சீனத்துப் பழம்பொருள் என்று விலை கூட்டுவார்கள். அது ஆங்கிலேயர் 1790 அளவில் சீனச் சாயலில் வரைந்தது. அந்தக் காதல் கதையும் இங்கிலாந்தில் கட்டியதுதான். இன்றுவரை பல கம்பனிகள் அச்சிடுகின்றன.

உண்மையான பழைய சீனப் பீங்கான் நம் தீவுப் பகுதியில் மண்ணுக்குள் இருக்கிறது. அல்லைப்பிட்டியில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் செய்த அகழ்வில் சொங் வம்சக் காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவை ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் பழமையானவை. கடற்கரையில் அப்படி ஒரு துண்டைப் பொறுக்கி வந்து விற்போரும் வாங்குவோரும் உண்டு. வீட்டு அலுமாரியில் இருக்கும் இருபதாம் நூற்றாண்டுக் கோப்பைக்கு 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தடையல்ல. 1815 மார்ச் 2 க்கு முந்தியவை அந்தச் சட்டத்துக்குள் வரும். நிலத்தில் கண்ட துண்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.