மண்ணீரலைக் கேட்காத மாத்திரை: கண்டியில் பரம்பரை இரும்புச் சுமையும் கருத்தடைத் தெரிவும்

பரம்பரை இரும்புச் சுமை என்றதும் மருத்துவ நூல்கள் ஐரோப்பியரின் ஹீமோகுரோமடோசிஸைத்தான் முதலில் பேசும். அதற்குரிய சி282வை பிறழ்வு இலங்கையில் தனியாகவும் தோன்றியது என்று ரொஷெட் குழுவினர் 1999இல் காட்டினர். ஆயினும் கண்டி வட்டாரத்தில் இரும்பு மிகுந்த இளம்பெண்ணைத் தேடினால் அகப்படுபவர் பெரும்பாலும் தலசீமியா உள்ளவரே. அதிலும் ஹீமோகுளோபின் ஈ–பீட்டா வகையினர் பலர்.

கருத்தடை மாத்திரை இவரிடம் இரும்பைக் கூட்டுமா? கூட்டும். மாதவிடாயில் 15–20 மி.கி. இரும்பு வெளியேறும், கூட்டு மாத்திரை அதை ஏறத்தாழப் பாதியாக்கும். 28 மாத்திரை அட்டைகள் சிலவற்றில் கடைசி ஏழும் இரும்பு மாத்திரைகள். இந்தியாவின் மாலா-என் அட்டையில் ஒவ்வொன்றிலும் 60 மி.கி. ஃபெரஸ் ஃபூமரேட், தனி இரும்பாக 20 மி.கி. அளவில் வரும். பத்திலொரு பங்கு உடலில் சேர்ந்தாலும், இரண்டுமாக ஆண்டுக்கு 300 மி.கி.யை நெருங்கும். ஒரு பைந்து இரத்தத்திலேயே 200–250 மி.கி. இரும்பு உண்டு. ஆகவே மாதந்தோறும் இரத்தம் ஏற்றுபவருக்கு இது பொருட்டல்ல. இரத்தம் ஏற்றாதவருக்கோ, இரும்பு உறிஞ்சலை அடக்கிவைக்கும் ஹெப்சிடின் தாழ்ந்து குடலே இரும்பை அள்ளிக்கொள்வதால் கணக்கு இன்னும் ஏறும். கலஹா, புசல்லாவைத் தோட்டங்களில் இரும்புக் குறைவால் சோர்ந்த பெண்களுக்கு அந்த ஏழும் நல்லதே. சுமை உள்ளவர் அவற்றை விட்டுவிடலாம். எட்டாம் நாள் புதிய அட்டையைத் தொடங்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் கவலை கூட்டு மாத்திரையிலுள்ள எஸ்ட்ரஜன் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணை தலசீமியாவுக்குக் கூட்டு மாத்திரையைத் தடையற்ற முதல் வகையிலும், செப்பு லூப்பை இரண்டாம் வகையிலும் வைக்கிறது. லூப் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பது சரி. ஆனால் முழு நோயையும் ஒரே வரிசையில் அடைத்தது சரியல்ல. தலசீமியாவுக்காக மண்ணீரலை அகற்றியவரிடம் தட்டணுக்கள் பெருகும். சிதைந்த சிவப்பணுக்களும் இரத்தத்தில் தங்கி உறைவைத் தூண்டும். மத்தியதரை நாடுகளிலும் ஈரானிலும் 8,860 நோயாளரை ஆராய்ந்தபோது, இடைநிலைத் தலசீமியாவில் இரத்தக் கட்டிகள் தீவிர வகையைவிட நான்கு மடங்கு காணப்பட்டன. மண்ணீரல் அகற்றமும் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக நின்றது. அப்படிப்பட்டவருக்கு எஸ்ட்ரஜன் கொடுப்பது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். வகை ஒன்று என்ற எண்ணை நம்பி அட்டையை நீட்டும் குடும்பநல மாதுவைக் குறை சொல்லவும் முடியாது.

புரொஜெஸ்டோஜன் மட்டுமுள்ளவை மேல். எனினும் மூன்று மாத ஊசி எலும்பை மெலிவிக்கும். இவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பதுண்டு. தோலடிக் குச்சி பொருந்தும். ஆனால் இரும்பகற்றும் டிஃபெரசிரொக்ஸ் ஹார்மோனின் அளவைத் தாழ்த்தக்கூடும். அதே மருந்தைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியிருப்பதால், நம்பத்தக்க கருத்தடையும் இரும்பகற்றும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது. எனவே தலசீமியாப் பிரிவு வைத்தியர் மண்ணீரல் நிலையையும் உட்கொள்ளும் மருந்தையும் நோயாளியின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதித்தர வேண்டும். குடும்பத்திட்டக் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்குமுன் இடது விலாவுக்குக் கீழே தழும்பு உண்டா என்றும் கேட்க வேண்டும்.