மீறலின் அளவையியல்: கிள்ளான் வட்டாரத் தோட்ட ஒப்பந்தங்கள்

ஒப்பந்தம் என்பது வாக்குறுதிகளின் தொகுப்பு மட்டுமன்று. வாக்குறுதி மீறப்பட்டால் அடுத்து நிகழவேண்டியது யாது என்பதையும் அது வரையறுக்கிறது. கடமை, அனுமதி, விலக்கு ஆகியவற்றைக் குறியீடுகளால் ஆராயும் கடமை அளவையியலுக்கு 1951இல் வான் ரைட் இன்றைய வடிவம் தந்தார். கடமை தவறியபின் எழும் மாற்றுக்கடமையின் சிக்கலை 1963இல் சிசம் எடுத்துக்காட்டினார். 2000களில் கவர்நத்தோரி முதலானோர் வணிக ஒப்பந்த மீறல்களைக் கணினிவழிக் கண்காணிக்க இத்துறையைப் பயன்படுத்தினர். அவர்கள் முறையில் ஒப்பந்த விதி ஒரு சங்கிலியாகும்: முதலில் கடமை, அது தவறின் ஈடு, அதுவும் தவறின் தண்டம். மலாயாத் தமிழரின் தொழில் ஒப்பந்தங்களுக்கு இச்சங்கிலியைப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தத்தின்வழி வந்தோர் 'சஞ்சிக்கூலிகள்' எனப்பட்டனர். வாக்குறுதியைக் குறிக்கும் 'ஜாஞ்சி' என்னும் மலாய்ச் சொல்லே இதன் மூலம் என்பர். தொழிலாளிக்குரிய சங்கிலி முழுமையானது. வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தக் காலத்துடன் கூட்டப்பட்டன. தப்பியோடினால் சிறை காத்திருந்தது. கூலி, உறைவிடம், மருத்துவம் ஆகிய முதலாளியின் கடமைகளையும் சட்டம் வகுத்திருந்தது. எனினும் மீறலைக் கண்டறியும் வழி இருதரப்பிற்கும் ஒன்றாக இல்லை. தொழிலாளியின் வருகை நாள்தோறும் பெரட்டில் பதிவாயிற்று. முதலாளியின் தவறோ அதிகாரி வருகைதந்தாலோ தொழிலாளி முறையிட்டாலோதான் வெளிப்படும். தோட்டத்தைவிட்டு வெளியேறுவதே தப்பியோடுதலாகக் கருதப்படக்கூடிய சூழலில் முறையீடு எளிதன்று.

1910இல் மலாயாவில் சஞ்சிமுறை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும், முன்பணம் பெற்றுப் பணி செய்யாத தொழிலாளியைச் சிறையிட வழிவகுத்த 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இல் நீக்கப்பெற்றது. சங்கிலியின் இறுதிக் கண்ணி அறுந்தது; கண்காணிப்பு மாறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின்வழி எழுந்த வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியோடு, குறைகூறுவோரைத் தண்டித்தலாகாது என்பதும் சங்கம் அமைக்கும் உரிமையும் கோரிக்கைகளாயின. மீறலைச் சுட்டும் உரிமையையே அவர்கள் கேட்டனர் எனலாம். சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றிய மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், மீறலுக்கு இழப்பீட்டையே தீர்வாகக் கொள்கிறது. ஆயினும் 'மீறல் நிகழ்ந்தது' என்னும் உண்மையை எந்த அளவையியலும் தானே உருவாக்குவதில்லை. பதிவு செய்பவரிடமிருந்தே அதனைப் பெறுகிறது. ஆதலின் தோட்ட ஆவணங்களை ஆராய்வோர், அவற்றில் எழுதப்பட்ட மீறல்களை எண்ணுமுன் எழுதியவர் எத்தரப்பினர் என வினவுதல் இன்றியமையாததாகும்.