எந்திரம் முதலில் வந்தது: சிவகாசியும் தானியங்கிக் கல்வியும்

முதலில் கை, பிறகு கடைசல் எந்திரம், அப்புறம் சி.என்.சி., பி.எல்.சி., கடைசியில் ரோபோ. தொழில்நுட்பக் கல்லூரிகளில் உற்பத்தித் தொழில்நுட்பம் இந்த வரிசையில்தான் கற்பிக்கப்படுகிறது. காலம் ஒரே தண்டவாளத்தில், ஒரே திசையில் ஓடுவதான இந்தக் கதையாடலை விருதுநகர்ப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் மூன்று வருஷம் நானும் படித்தேன். பஸ் ஏறினால் சிவகாசி. அந்த ஊரின் சரித்திரமோ இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறது.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஜெர்மன் எந்திரங்களை வரவழைத்தே தொழிலைத் தொடங்கினார்கள், பிறகுதான் கைமுறைக்கு மாறினார்கள் என்பது தொழில் தனக்குச் சொல்லிக்கொள்ளும் வரலாறு. ஆக, இங்கே எந்திரம் முதலில் வந்தது. கை அதை வெளியே அனுப்பியது. மழை பொய்த்த கரிசலில் எந்திரத்தின் தேய்மானத்தைவிட மனுஷத் தேய்மானம் மலிவு.

தொழில்நுட்பம் தெரியாததால் நேர்ந்ததல்ல இது. ஸ்வீடனில் அலெக்சாண்டர் லாகர்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீப்பெட்டி உற்பத்தியைத் தானியங்கியாக்கிவிட்டார். அதே ஸ்வீடன் மூலதனத்தில் 1923இல் உருவான விம்கோ, இந்தியாவிலேயே எந்திரத் தீப்பெட்டி செய்தது. சுதந்திரத்துக்குப் பின் கலால் வரியில் கைத்தயாரிப்புக்குச் சலுகை கிடைத்தது. ‘வேலைவாய்ப்பு’ என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயம்தான். ஆனால் அந்த வேலை யாருக்குப் போனது? கட்டை அடுக்க, பெட்டி ஒட்டப் பெண்களும் பிள்ளைகளும். ‘சின்ன விரலுக்குத்தான் தோது’ என்றொரு பேச்சு உலவியது. எந்திரத்திடம் எதிர்பார்க்க வேண்டிய துல்லியத்தைப் பிள்ளையின் விரலில் ஏற்றி, அதை இயற்கையாக்கிய சொல்லாடல் அது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கூலியும் ஏறியது, எந்திரம் மறுபடி வந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. கைத்தீப்பெட்டிக்கு 5 சதம், மற்றதற்கு 18 சதம். 2020 ஏப்ரலிலிருந்து இரண்டுக்கும் 12 சதம் என்றானது. நெடுங்கால வரிச் சலுகை அத்தோடு போயிற்று. எந்திரம் வருவதையும் போவதையும் அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. கூலியும் வரியும் சட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கல்லூரிகளும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. மத்தாப்பின் வெள்ளி ஒளி அலுமினியத் தூளிலிருந்து வருகிறது. உலோகத்தூள் தொழிலில் வளர்ந்த மெப்கோ குழுமம்தான் 1984இல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது. இந்த வட்டாரத்தில் நெருப்பின் உபரி வகுப்பறையாகவும் மாறியிருக்கிறது.

கட்டை அடுக்கியே வளர்ந்த என் அத்தை ஒருமுறை கேட்டது: “குச்சி அடுக்க மெசின் வந்துச்சு, எங்க பொழப்பு போச்சு. மருந்து கலக்க மட்டும் ஏன்யா மெசின் வரல?” நான் படித்த எந்தப் புத்தகமும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அச்சுக்கு எந்திரம் வந்துவிட்டது, தீப்பெட்டிக்கும் வந்துவிட்டது. பட்டாசில் உயிர் போகும் இடமான மருந்துக் கலவையிலும் மருந்து செலுத்துவதிலும் பெரும்பாலும் இன்னமும் கைதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை.

உராய்வு, நிலைமின்சாரம், பொறி. எந்திரமே ஆபத்து என்று பதில் சொல்வார்கள். பதிலில் உண்மை உண்டு. ஆனால் எந்திரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமும் மனுஷனை இந்தப் பக்கமும் வைத்துத் தொலைவிலிருந்து இயக்குவது ராணுவ வெடிமருந்து உற்பத்தியில் பழைய சங்கதி. இங்கே தடையாக நிற்பது இயற்பியல் மட்டுமல்ல, உள்குத்தகையும்தான். சீசனுக்கு அறையை வாடகைக்கு எடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்து ஓட்டுகிறவர் எதற்காகக் கலவை எந்திரம் வாங்கப் போகிறார்? வெடித்தால் போவது அவர் முதலீடு அல்லவே.

2022இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபோ, தானியங்கிக் கட்டுப்பாடு கற்றுத்தரும் மையங்களாக்க முன்வந்தது. வரவேற்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் போன அம்மாக்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கட்டும். ஆனால் அவர்கள் கற்கும் ரோபோ கார்க் கம்பெனிக்கு மட்டும் ஆள் தயாரிக்கும் சங்கதியாக முடிந்துவிடக் கூடாது. கலவை அறையிலிருந்து மனுஷனை வெளியே கொண்டுவரும் எந்திரம் இந்த மாவட்டத்து மாணவர்களின் முதல் புராஜெக்டாக இருக்க வேண்டும். வெளியே வருகிறவர்களின் கூலிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். கட்டைக்கு எந்திரம் வந்தபோது என் அத்தையிடம் அதை யாரும் பேசவில்லை.