பீரோவை திறந்தால் பீடித்தூள் நெடி: பட்டுச்சேலை, பாடப்புத்தகத்தை காப்பாற்றுவது எப்படி?

ஆலங்குளம்:

கல்யாண வீட்டுக்கு கிளம்பும் அவசரத்தில் பீரோவை திறந்து பட்டுச்சேலையை உதறினால், குப்பென்று பீடித்தூள் நெடி அடிக்கிறது. பவுடரை கொட்டினாலும் போவதில்லை, சென்ட் அடித்தாலும் போவதில்லை. நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு இது தினசரி தலைவலி.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், முக்கூடல், மேலப்பாளையம் என்று எந்த ஊருக்கு போனாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்களை பார்க்கலாம். ஒரு பீடிக்குள் போகும் தூள் 0.15 முதல் 0.25 கிராம்தான். ஆனால் ஆயிரம் பீடி சுற்ற கால் கிலோ வரை தூள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். வருடக்கணக்கில் அது வந்துகொண்டே இருந்தால் வீட்டில் எந்த பொருள்தான் தப்பும்? அரிசி டின்னில் நெடி, தலையணையில் நெடி, பள்ளிக்கூடத்துக்கு போகும் பிள்ளையின் சீருடையிலும் நெடி. பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கை பொத்தினால் அது யாருக்கு அவமானம்?

புகையிலைத் தூள் மாவு மாதிரி நைசானது. சுளகில் அள்ளும்போதும், காய்ந்த விளக்குமாறால் கூட்டும்போதும் காற்றில் பறந்து பரண் மேலேயும் பீரோ இடுக்கிலும் போய் படியும். தூளில் உள்ள நிகோடினும் எண்ணெய்ப் பிசுக்கும் துணி, மரம், காகிதம் மூன்றிலும் ஊறிவிடும். இரும்பு பீரோவில் ஊறாது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பில் ஊறாதுதான். ஆனால் தட்டில் விரித்துப் போட்டிருக்கும் பழைய செய்தித்தாள் இருக்கிறதே, அது நெடியை குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல கக்கும். சேலையை பத்து தடவை துவைத்த வீட்டில்கூட இந்த தாளை மாற்றியிருக்க மாட்டார்கள்!

வீட்டில் தாத்தாவோ அப்பாவோ பீடி, சுருட்டு குடிப்பவர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. தூள் நெடி துடைத்தால் போகும். புகை நெடி அப்படி இல்லை. புகையில் உள்ள தார் மஞ்சள் பிசினாக சுவரிலும் மரக்கதவிலும் ஒட்டிக்கொள்ளும். குடிப்பதை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் வாடை வரும். இது வெறும் வாடை விஷயமும் இல்லை. சுவரிலும் துணியிலும் படிந்த நிகோடின், காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் உருவாகும் என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010-ம் ஆண்டு சொன்னது. அந்த அமிலம் வாகன புகையில் இருந்தும் வரும், வீட்டு கேஸ் அடுப்பில் இருந்தும் வரும். இப்படி படிந்து கிடப்பதை ‘மூன்றாம் நிலை புகை’ என்கிறார்கள். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் இதனால் முதல் ஆபத்து.

சுத்தம் செய்யும் முறை

பீரோவை மொத்தமாக காலி பண்ண வேண்டும். பாதியை மட்டும் எடுத்துவிட்டு துடைத்தால் வேலை வீண். பழைய தாளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் கலந்து தட்டு, கதவின் உள்பக்கம், லாக்கரின் அடிப்பக்கம், மூலை இடுக்கு என்று ஒன்று விடாமல் துடைக்கவும். அடுத்து ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து இன்னொரு முறை. நிகோடின் காரத்தன்மை கொண்டது, வினிகர் புளிப்பு அமிலம். இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் கரையும் உப்பாக மாறி துணியோடு வந்துவிடும். வினிகர் வாடை அடிக்குமே என்று பயப்பட வேண்டாம், காய்ந்ததும் அது போய்விடும்.

சிலர் சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக கலக்கிறார்கள். நுரை பொங்குவதை பார்க்க நன்றாக இருக்கும், பலன் கிடையாது. ஒன்றை ஒன்று முறித்துவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை கலப்பது அதைவிட மோசம். குளோரின் வாயு கிளம்பி மூச்சு திணறும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

துடைத்த பீரோவை ஒரு நாள் முழுக்க திறந்தே போடவும். ஈரம் காயாமல் பூட்டினால் பூசணம் பிடித்து வேறொரு வாடை சேரும். அதனால் குற்றால சாரல் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த வேலையை தொடங்காமல் இருப்பது நல்லது. காய்ந்த பிறகு வாய் அகலமான கிண்ணத்தில் சமையல் சோடாவும், இன்னொன்றில் உடைத்த அடுப்புக்கரியும் போட்டு தட்டுக்கு ஒன்றாக வைத்து மூடவும். ஆக்டிவேட்டட் கரி கிடைத்தால் இன்னும் மேல். அதில் கண்ணுக்கு தெரியாத துளைகள் அதிகம், நெடியை இழுத்து பிடித்துக்கொள்ளும்.

மர அலமாரி, மரப்பரண் என்றால் தண்ணீரை ஊற்றி கழுவக்கூடாது, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். அப்படியும் போகாத புகை நெடிக்கு ஷெல்லாக் கலந்த பிரைமர் அடித்து மரத்தின் துளைகளை அடைப்பதுதான் வழி. சிமெண்ட் பரணுக்கு கழுவி காயவிட்டு சுண்ணாம்பு அடித்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

பருத்தி துணியை வெயிலில் போடலாம். பட்டை நிழலில் காற்றாட போட வேண்டும், இல்லையென்றால் சாயம் வெளுக்கும். பாடப்புத்தகங்களை மூடி போட்ட டின்னில் கரிப்பொட்டலத்தோடு ஒரு வாரம் வைத்தால் நெடி குறையும். இலவம்பஞ்சு தலையணையில் ஏறிய நெடியோடு மல்லுக்கட்டி பயனில்லை. பஞ்சை மாற்றிவிடுவதே மேல்.

அந்துருண்டை போட்டால் சரியாகிவிடும் என்பது பலரது நம்பிக்கை. அது நெடியை போக்காது, மூடி மறைக்கும். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்த சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணியை பிள்ளைக்கு சுற்றவே கூடாது. ஓசோன் மெஷின் என்று ஆன்லைனில் விற்பதையும் நம்பி வாங்க வேண்டாம். ஓசோன் நுரையீரலை பாதிக்கும்.

தூள் எங்கே இருக்க வேண்டும்?

எவ்வளவு துடைத்தாலும் தூள் மூட்டை பீரோவுக்கு பக்கத்திலேயே கிடந்தால் மறு மாதமே பழைய கதைதான். தூளை இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, துணிமணியும் அரிசியும் இல்லாத இடத்தில் வைக்கவும். நனைத்த இலையை சுற்றி வைக்கும் ஈரச்சாக்கை அவ்வப்போது அலசி காயப்போட வேண்டும். சுற்றி முடித்ததும் விளக்குமாறை எடுக்காமல் ஈரத்துணியால் தரையை துடைத்தால் தூள் பறக்காது. கையை சோப்பு போட்டு கழுவி, சேலையை மாற்றிக்கொண்ட பிறகே பீரோவில் கை வைக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. அந்த மாதிரி வீடுகளில் மூடி போட்ட வாளியும் ஈரத்துணியும் மட்டுமாவது கட்டாயம்.

தூள் வாளி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளை தூளை வாயில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தாலோ, எச்சில் வடித்தாலோ, முகம் வெளிறி சோர்ந்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.