கொட்டகையில் உருவான உலக சாதனை

நியூசிலாந்தின் இன்வர்காகில் நகரைச் சேர்ந்த மெக்கானிக் பர்ட் மன்றோ (1899–1978). 1920-இல் இவர் வாங்கிய ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிள், மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். ‘இந்தியன்’ என்பது அமெரிக்க நிறுவனத்தின் பெயர்.

கொட்டகையிலேயே அதன் 600 சிசி இயந்திரத்தைப் படிப்படியாக 950 சிசியாக மாற்றினார். பழைய டின்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். உடைந்த பாகங்களை வீசவில்லை. ‘வேகக் கடவுளுக்குக் காணிக்கை’ என்று எழுதி அலமாரியில் அடுக்கி வைத்தார்.

1967 ஆகஸ்டில், 68 வயதில், அமெரிக்காவின் போனவில் உப்புவெளியில் 1,000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் உலக சாதனை படைத்தார். அப்போது வண்டிக்கு வயது 47. பதிவில் இருந்த கணக்குப் பிழை 2014-இல் திருத்தப்பட்டு, அவரது வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர் என உயர்ந்தது.